நகராத பட்டைகள்: திட்ட மென்பொருள் கற்றுக்கொண்ட ஒரு மெக்கானிக்கல் பொறியாளர் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருச்சியில் பெல் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலை 1960களில் தொடங்கியபின், திருவெறும்பூர், துவாக்குடி வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகள் வளர்ந்தன. பல யூனிட்டுகளுக்கு வேலை ஒரே மாதிரிதான். பிளேட்டும் டிராயிங்கும் பெரிய ஆலையிலிருந்து வரும். வெட்டி, வளைத்து, வெல்டிங் செய்து திருப்பி அனுப்ப வேண்டும். 2010களின் நடுப்பகுதியிலிருந்து புதிய அனல் மின் நிலைய ஆர்டர்கள் குறைந்தபோது, தாக்குப்பிடித்த யூனிட்டுகள் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, ரசாயன ஆலை என்று வேறு வாடிக்கையாளர்களைத் தேடிப் போயின. அங்கே கதை வேறு. டிராயிங் போட்டு ஒப்புதல் வாங்குவது, பிளேட்டும் ஃபோர்ஜிங்கும் (அடித்து உருவாக்கிய எஃகுப் பாகங்கள்) வாங்குவது, மூன்றாம் தரப்பு இன்ஸ்பெக்டரை அழைப்பது எல்லாம் யூனிட்டின் தலையில்தான். வெல்டிங்கில் குறை சொல்ல முடியாத யூனிட்டுகள்கூட இந்த இடத்தில்தான் தடுமாறின.

இந்த ஆய்வில் வரும் யூனிட்டும் அப்படிப்பட்டதுதான். கொரோனா ஊரடங்குகள் முடிந்த பிறகு நடந்த விஷயம் இது. அப்போது அங்கே தர ஆவணங்கள் தயாரித்துக் கொடுக்கும் வேலையில் நான் இருந்தேன். திட்டமிடுதலில் எனக்குப் பொறுப்பு எதுவும் இல்லை, ஆனால் எல்லாக் கூட்டங்களிலும் உட்கார்ந்திருந்தேன்.

நான்கு பேர் முக்கியம். முதலாளி, சொந்தமாக வெல்டராக இருந்து மேலே வந்தவர். ஒர்க்ஸ் மேனேஜர், ஓய்வுபெற இரண்டு வருடம் பாக்கி. தயாரிப்புப் பொறியாளர், டிப்ளமோ முடித்து வேலைக்கு வந்து, பகுதி நேரமாக பி.இ. மெக்கானிக்கல் படித்தவர், ஷாப்பில் ஏழு வருட அனுபவம். நான்காவது ஆள் புதிதாகச் சேர்ந்த ஒரு பட்டதாரி. அவரும் மெக்கானிக்கல்தான். கல்லூரி முடித்ததும் ஒரு பயிற்சி மையத்தில் பிரைமவேரா என்ற திட்டமிடல் மென்பொருளைக் கற்றுச் சான்றிதழோடு வந்திருந்தார்.

ஆர்டர்

ஒரு சுத்திகரிப்பு ஆலைக்காக ஒரு பிரஷர் வெஸலும் (அழுத்தம் தாங்கும் கலன்) மூன்று ஹீட் எக்ஸ்சேஞ்சர்களும் (வெப்பப் பரிமாற்றிகள்). ஏழு மாதக் கெடு. தாமதமானால் வாரத்துக்கு 0.5 சதவீதம், அதிகபட்சம் 5 சதவீதம் பிடித்தம். வெஸலின் ஷெல், அதாவது உருளை உடல், எஸ்.ஏ. 516 கிரேடு 70 என்ற கார்பன் ஸ்டீல் பிளேட், 42 மி.மீ. தடிமன். இந்தத் தடிமனைக் கவனியுங்கள், பின்னால் வரும் எல்லாச் சிக்கலும் இதில்தான் தொங்குகிறது. அமெரிக்க மெக்கானிக்கல் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ.யின் விதிப்படி இந்த வகைக் கார்பன் ஸ்டீல் 38 மி.மீ.க்கு மேல் போனால் வெல்டிங்குக்குப் பிறகு வெப்பப் பதப்படுத்தல் (உலையில் சூடேற்றி மெல்ல ஆறவிடுவது) கட்டாயம். அது முடிந்தபின் அழுத்தம் தாங்கும் பாகங்களில் வெல்டிங் ராடு படக்கூடாது. பட்டால் திரும்பவும் உலைக்குப் போக வேண்டிய நிலை வரலாம். ஆகவே நாசில் (குழாய் இணையும் வாய்), பேட் (வலுவூட்டும் தகடு), கிளிட் (இன்சுலேஷன் போன்றவற்றைத் தாங்கும் சிறு துண்டு) எதுவானாலும் உலைக்குப் போகும் முன்பே ஒட்டியாக வேண்டும்.

ஒப்பந்தத்தில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் கோப்பாக வேலை அட்டவணை கொடுத்து, வாரா வாரம் புதுப்பித்து அனுப்ப வேண்டும். அதுவரை ஒர்க்ஸ் மேனேஜர் எக்ஸலில் கட்டங்களுக்கு வண்ணம் அடித்துத்தான் திட்டம் போடுவார். "சர்டிபிகேட் வச்சிருக்கிற பையன் இருக்கான்ல, அவனே போடட்டும்" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

முதல் மூன்று மாதங்களில் கவனித்தவை

பட்டதாரி போட்ட அட்டவணை பார்க்க அழகாக இருந்தது. நூற்று நாற்பது வரிகள், ஒவ்வொரு வேலையின் காலத்தையும் காட்டும் பட்டைகள், நிறங்கள், மைல்கல்கள். வாடிக்கையாளரும் ஏற்றுக்கொண்டார். வாரா வாரம் சதவீதம் ஏறிக்கொண்டே போனது, கடைசித் தேதி மட்டும் ஒரு நாள்கூட நகரவில்லை.

மூன்றாம் மாதக் கூட்டத்தில் வாடிக்கையாளரின் திட்டப் பொறியாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். டிஷ் எண்ட் (வெஸலின் குவிந்த மூடி) மூன்று வாரம் தாமதமாக வந்திருக்கிறது. அதற்குப் பின்னால் உள்ள எந்தப் பட்டையும் ஏன் நகரவில்லை?

பதில் சொல்ல ஆள் இல்லை. கூட்டம் முடிந்ததும் கோப்பைத் திறந்து பார்த்ததில் காரணம் தெரிந்தது. மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட்டில் 2010 பதிப்பிலிருந்து, புதிதாகச் சேர்க்கும் வேலைகள் இயல்பிலேயே 'கையால் தேதியிடும்' முறையில்தான் வரும். மாற்றாவிட்டால், தட்டிய தேதி தட்டியபடியே நிற்கும். பிரைமவேராவில் இந்தப் பழக்கம் இல்லை. அங்கே எஃப்9 அழுத்தினால் இணைப்புகளை வைத்து மென்பொருளே தேதிகளைக் கணக்கிடும். பட்டதாரி ஒன்றில் கற்றதை இன்னொன்றில் செய்தார், இந்த வித்தியாசம் அவர் கண்ணில் படவில்லை.

அது மென்பொருளின் குளறுபடி, பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். அதைவிடப் பெரிய குறையைக் கண்டுபிடித்தவர் தயாரிப்புப் பொறியாளர். ஏ3 தாளில் எடுத்த பிரதியை ஷாப்பில் நின்றுகொண்டே பார்த்தவர், "ஹைட்ரோ டெஸ்ட் முடிச்சிட்டு ஃபர்னஸுக்கு அனுப்புறதா போட்டிருக்கு தம்பி. இன்சுலேஷன் கிளிட் அதுக்கும் அப்புறம் வெல்டிங். யார் ஒத்துக்குவா இதை?" என்றார். ஹைட்ரோ டெஸ்ட் என்பது வெஸலில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் சோதனை, உலை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பட்டதாரிக்கு முகம் சுருங்கியது. அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. ஒரு வெஸல் உலைக்குப் போய்வருவதை அவர் அதுவரை பார்த்ததே இல்லை.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

மூன்று வழிகள் பேசப்பட்டன. சென்னையிலிருந்து அனுபவமுள்ள ஒரு பிளானிங் பொறியாளரை மாதச் சம்பளத்துக்கு எடுப்பது, வெளி ஆலோசகரிடம் ஒப்படைப்பது, தயாரிப்புப் பொறியாளரையே மென்பொருள் கற்க வைப்பது. ஒர்க்ஸ் மேனேஜருக்கு மூன்றாவதில் விருப்பமே இல்லை. நல்ல ஷாப் ஆளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைப்பது வீண் என்றார். அந்தப் பயம் நியாயமானது என்பது பிறகு தெரிந்தது.

ஆனாலும் மூன்றாவது வழிதான் தேர்வானது. காரணம் எளிது. வெளியாள் யார் வந்தாலும் முதல் ஒரு மாதம் இந்தப் பொறியாளரின் பக்கத்தில் உட்கார்ந்து "இதற்குப் பிறகு எது?" என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கப் போகிறார். மென்பொருளைச் சில வாரங்களில் கற்றுவிடலாம். எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்ற அறிவு அத்தனை சீக்கிரம் வராது.

பழகுவதற்குப் புராஜெக்ட்லிப்ரே என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினார். மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் கோப்புகள் அதில் திறக்கும். பட்டதாரி மென்பொருள் சொல்லிக்கொடுக்க, பொறியாளர் வேலை வரிசை சொல்லிக்கொடுக்க, மாலை நேரங்களில் இருவரும் சேர்ந்து அட்டவணையை முதலிலிருந்து கட்டினார்கள். முழு மென்பொருளையும் கற்கவில்லை. இணைப்புகள் (எந்த வேலைக்குப் பின் எது), நாட்காட்டிகள், நெருக்கடிப் பாதை (கடைசித் தேதியைத் தீர்மானிக்கும் வேலைகளின் தொடர்), அடிப்படைத் திட்டம் (ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்ளும் முதல் திட்டம்) ஆகிய நான்கோடு நிறுத்திக்கொண்டார்கள். செலவுக் கணக்கு, அறிக்கை வார்ப்புருக்கள் பக்கம் போகவே இல்லை.

நாட்காட்டிதான் அதிக நேரம் எடுத்தது, நியாயமாகவும் எடுத்தது. மென்பொருளின் இயல்பான நாட்காட்டி திங்கள் முதல் வெள்ளி வரை, நாளுக்கு எட்டு மணி நேரம். துவாக்குடியில் எந்த ஷாப்பும் அப்படி ஓடாது. இங்கே வாரம் ஆறு நாள். ரேடியோகிராஃபி (வெல்டிங்கின் உட்குறையைக் காட்டும் கதிர்ப்படம்) எடுக்க தனிக் கூண்டு இல்லாததால், கதிர்வீச்சுக்காக ஷாப்பைக் காலி செய்துவிட்டு இரவில்தான் படம் எடுக்க முடியும். ஆகவே அதற்குத் தனி நாட்காட்டி. உலை வேறு. சூடேற்றி, 595 டிகிரியில் நிறுத்தி, மெல்ல இறக்கி முடிக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், ஞாயிற்றுக்கிழமை என்று அது நிற்காது. அதை வேலை நாட்களில் போடாமல் தொடர் நேரமாகப் போட வேண்டும். இன்ஸ்பெக்டருக்கு ஐந்து நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு ஆய்வுக்கு முன்னும் அந்த இடைவெளி. இவை எல்லாம் பொறியாளருக்கு மனப்பாடம். எழுதிவைக்க ஓர் இடம் மட்டும்தான் அதுவரை இல்லாமல் இருந்தது.

இணைப்புகள் காட்டியது

எல்லாம் இணைந்ததும் கடைசித் தேதி கெடுவைத் தாண்டி 38 நாட்கள் போய் நின்றது. முதலாளி சொன்னது: "நேத்து வரைக்கும் கரெக்டா இருந்துச்சு. நீங்க சாஃப்ட்வேர் படிச்சதும் லேட் ஆயிடுச்சா?"

சிரித்தோம், ஆனால் அந்தக் கூட்டம் சிரிப்பில் முடியவில்லை. தாமதத்துக்கு மருந்தாக முதலாளி வைத்திருந்த யோசனை, ஒப்பந்தத்தில் ஆறு வெல்டர்களைக் கூடுதலாக இறக்குவது. அந்த வட்டாரத்தில் வேலை தள்ளிப்போனால் எல்லோரும் முதலில் செய்வது அதுதான். பொறியாளர் நெருக்கடிப் பாதையைச் சுட்டிக்காட்டினார். அது ஷெல் வெல்டிங் வழியாகப் போகவே இல்லை. டிராயிங் ஒப்புதல், அதற்குப் பிறகு கொடுத்த நாசில் ஃபோர்ஜிங் ஆர்டர், நாசில் வெல்டிங், சோதனை, உலை, ஹைட்ரோ டெஸ்ட் என்று போனது. ஷெல் சீம்களுக்கு (பிளேட்டுகளைச் சேர்க்கும் வெல்டிங் இணைப்புகள்) நான்கு வாரம் மிச்ச அவகாசம் இருந்தது. டிஷ் எண்ட் தாமதம்கூட அந்த அவகாசத்துக்குள் அடங்கிவிட்டது. ஆறு வெல்டர்களை இறக்கியிருந்தால் ஷெல் சீக்கிரம் முடிந்து, நாசிலுக்காக ரோலர் மேல் படுத்துக் கிடந்திருக்கும்.

முதலாளி முழுதாக நம்பவில்லை. இரண்டு வெல்டர்களை எடுத்து எக்ஸ்சேஞ்சர்களில் போட்டார். கெடுதல் ஒன்றும் இல்லை. வெஸலுக்கு மட்டும் வேறு முடிவுகள் எடுக்கப்பட்டன.

ஆறு நாசில்களில் இரண்டு பெரியவைதான் நாள் பிடிப்பவை. மற்ற நான்கையும் டீலரிடம் இருப்பிலிருந்து வாங்கி முதலில் ஒட்டிவிடுவது என்று முடிவானது. பெரிய இரண்டையும் ஃபோர்ஜிங் கம்பெனியிலேயே மெஷினிங் முடித்து வாங்கினால் அங்கே வரிசையில் காத்திருக்க வேண்டும். ரஃப்பாக வாங்கி உள்ளூரிலேயே கடைசல் போடுவது என்றும், உலை வேறொரு யூனிட்டுடையது என்பதால் அதற்கு இப்போதே தேதி பிடிப்பது என்றும் தீர்மானித்தார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு வருகையில் வெஸலையும் எக்ஸ்சேஞ்சரையும் சேர்த்தே பார்க்கும்படி அழைப்புகளைச் சேர்த்தார்கள். இந்த நான்கும் புதுமை இல்லை. எந்தப் பழைய ஃபோர்மேனும் சொல்லக்கூடியவைதான். இந்த வாரம் இவைதான் முக்கியம், மற்றவை காத்திருக்கலாம் என்பது மட்டும்தான் அட்டவணையிலிருந்து வந்தது. எதிர்பார்க்கும் தாமதம் 11 நாளாகக் குறைந்தது.

இந்த இடத்தில் ஒரு பக்கக் குறிப்பு. நெருக்கடிப் பாதை என்ற முறையே 1950களின் கடைசியில் டூபாண்ட் ரசாயன நிறுவனத்தில், ஆலைக் கட்டுமானத்துக்காக உருவாக்கப்பட்டு, பிறகு பராமரிப்பு நிறுத்தங்களிலும் முயன்று பார்க்கப்பட்டதுதான். குழாயும் பம்பும் வெஸலும் நிறைந்த இடத்துக்காகப் பிறந்த ஒன்றை, 'அது சிவில்காரர்கள் சமாச்சாரம்' என்று நம் மெக்கானிக்கல் துறைகள் ஒதுக்கிவைத்திருப்பது எனக்கு எப்போதும் விநோதமாகத் தோன்றும்.

மென்பொருள் கைகொடுக்காத இடங்கள்

ஆட்கள் பகிர்வில் அது உதவவில்லை. எக்ஸ்சேஞ்சரின் டியூபையும் அது செருகப்படும் தகடான டியூப் ஷீட்டையும் டிக் என்ற வெல்டிங் முறையில் ஒட்டும் தகுதி பெற்ற வெல்டர் ஒருவர்தான், மூன்று எக்ஸ்சேஞ்சர்களுக்கும் அவரே. ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் பல வேலை விழாமல் தள்ளிவைக்கும் லெவலிங் பொத்தானை அழுத்தியதும் மென்பொருள் வேலைகளைத் தன் விருப்பத்துக்கு இழுத்துப்போட்டது. முதலில் அனுப்ப வேண்டிய எக்ஸ்சேஞ்சர் கடைசிக்குப் போய்விட்டது. பொறியாளர் அதை ரத்து செய்துவிட்டு, ஒரு தாளில் வரிசை எழுதி, அந்த வரிசையைக் கையால் இணைத்தார். சரியாக வந்தது.

பெரிய அடி ஐந்தாம் மாதம் விழுந்தது. வெஸலின் ஒரு சுற்று சீமில் ரேடியோகிராஃபி குறை காட்டியது. ரூட்டில், அதாவது இணைப்பின் அடியில், வெல்டிங் ஊடுருவல் போதவில்லை. தோண்டி எடுத்து, மறுபடி வெல்டிங் செய்து, மறுபடி படம் எடுத்து, இன்ஸ்பெக்டரை மறுபடி அழைத்து முடிக்க எட்டு நாள். அதற்குள் ஷெல்லின் மிச்ச அவகாசம் முழுவதும் கரைந்துபோயிருந்ததால், எட்டு நாளும் அப்படியே கடைசித் தேதியில் விழுந்தது. அட்டவணையில் ரிப்பேருக்கு ஒரு வரிகூட இல்லை. வாடிக்கையாளர் பார்க்கும் தாளில் 'ரிப்பேர்' என்று எழுத யாருக்கும் மனம் வராது. அதனால் எல்லா ஷாப்பிலும் அட்டவணைப்படி முதல் படமே பாஸ் ஆகிவிடும்.

ஒர்க்ஸ் மேனேஜரின் பயமும் அதே மாதம் உண்மையானது. வாரத்தில் பாதி நேரம் பொறியாளர் கோப்பைப் புதுப்பிப்பதிலேயே இருந்தார். அந்த நேரத்தில் ஒரு பெரிய நாசிலின் திசை எதிர்ப்பக்கமாகக் குறிக்கப்பட்டு, டேக் வெல்டிங் (தற்காலிகமாகப் புள்ளி வைத்து ஒட்டுவது) வரை போய்விட்டது. ஃபோர்மேன் கண்ணில் பட்டு "அண்ணே, நார்த் எது?" என்று கேட்டதால் தப்பித்தது. துளை போட்ட பிறகு தெரிந்திருந்தால், அந்த ஷெல் கோர்ஸையே (ஷெல்லின் ஒரு வளையம்) மாற்ற வேண்டி வந்திருக்கும்.

அதன் பிறகு நடைமுறை மாறியது. கோப்பைத் திறப்பது சனிக்கிழமை மதியம் மட்டும். மற்ற நாட்களில் ஃபோர்மேன்கள் ஒரு தாளில் மூன்றே விஷயம் எழுதுவார்கள்: தொடங்கியதா, முடிந்ததா, இன்னும் எத்தனை நாள் வேண்டும். சதவீதம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். 'எத்தனை சதவீதம்' என்று கேட்டால் எல்லா வேலையும் 90க்குச் சீக்கிரம் போய் அங்கேயே பல நாள் தங்கிவிடும். 'இன்னும் எத்தனை நாள்' என்று கேட்டால் ஃபோர்மேன் ஒரு நிமிடம் யோசித்துத்தான் எழுதுவார். இந்தச் சின்ன மாற்றம் மென்பொருளைவிட அதிகப் பலன் தந்தது என்பது என் கணிப்பு. ஒர்க்ஸ் மேனேஜரும் இதை மட்டும் ஒத்துக்கொள்வார்.

விளைவு

எக்ஸ்சேஞ்சர்கள் மூன்றும் கெடுவுக்குள் போயின. வெஸல் 19 நாள் தாமதம்.

பிடித்தம் பற்றிய பேச்சில்தான் மென்பொருளின் பணமதிப்பு கண்ணுக்குத் தெரிந்தது. டிராயிங் ஒப்புதலுக்கு ஒப்பந்தப்படி பத்து நாள், உண்மையில் 22 நாளில்தான் வந்தது. இதுமாதிரி தாமதங்களை முன்பெல்லாம் யூனிட் மின்னஞ்சலில் ஒரு வரியாகச் சொல்லும், எவரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இந்தமுறை ஒப்புதல் தேதி ஃபோர்ஜிங் ஆர்டரோடும், அது நாசிலோடும், அது உலையோடும் இணைந்திருந்தது. 12 நாள் தாமதம் எந்த வழியாகக் கடைசித் தேதியை எட்டியது என்பதைத் திரையில் காட்ட முடிந்தது. ரிப்பேரால்தான் தாமதம் என்று எதிர்த்தரப்பு வாதாடியது. ரிப்பேருக்கு எட்டு நாள் என்பதைப் பொறியாளர் மறைக்கவில்லை, அதுவும் அதே கோப்பில் பதிவாகியிருந்தது. வாடிக்கையாளர் 12 நாளை ஏற்றுக்கொண்டார். மீதி ஏழு நாள், ஒரு வாரத்துக்கான 0.5 சதவீதம் பிடித்தார்கள். முதலாளி அதற்குப் பிறகு சாஃப்ட்வேர் பற்றிக் கிண்டல் செய்வதைக் குறைத்துக்கொண்டார்.

பொறியாளருக்குக் கிடைத்தது என்ன? சம்பளம் கொஞ்சம் உயர்ந்தது, வாடிக்கையாளர் கூட்டங்களில் பேசும் இடம் கிடைத்தது. ஓர் ஆண்டுக்குள் சென்னையில் ஒரு நிறுவனம் பிளானிங் பொறியாளர் வேலைக்கு அழைத்தது. அவர் போகவில்லை. முழுநேரம் திரைமுன் உட்காரும் வேலை தனக்கு ஒத்துவராது என்றார். வேறொருவர் போயிருக்கலாம், அதிலும் தவறில்லை. வளைகுடா வேலை வாக்குறுதியோடு விற்கப்படும் பிரைமவேரா சான்றிதழ்களைப் பற்றி என்னிடம் கேட்கும் மாணவர்களுக்கு இந்த இரண்டு பேர் கதையைத்தான் சொல்கிறேன். சான்றிதழ் வைத்திருந்தவரின் அட்டவணை மூன்று மாதம் எவருக்கும் உதவவில்லை. ஷாப் தெரிந்தவர் நான்கு பாடங்கள் கற்றதும் அதே மென்பொருள் பேச ஆரம்பித்தது.

அடுத்த முறை மாற வேண்டியவை

இணைப்பு வரைபடத்தை ஆர்டர் கிடைத்த பிறகு போடுவது தாமதம். விலைப்புள்ளி கொடுக்கும்போதே, இருபது முப்பது வரிகளில் கரடுமுரடாகவாவது போட்டுப் பார்க்க வேண்டும். இந்த வெஸலுக்கு அப்படிச் செய்திருந்தால் ஏழு மாதத்துக்கு ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள், அல்லது நாசில் டிராயிங்கை மட்டும் தனியாக முதலில் ஒப்புதலுக்கு அனுப்பியிருப்பார்கள்.

ஒவ்வொரு ரேடியோகிராஃபிக்குப் பின்னும் ரிப்பேருக்கு நாள் ஒதுக்க வேண்டும். 'ரிப்பேர்' என்று எழுதச் சங்கடமாக இருந்தால் 'மறுஆய்வு' என்று எழுதிக்கொள்ளட்டும்.

அட்டவணை கட்டும்போது ஃபோர்மேன் பக்கத்தில் இருக்க வேண்டும். இந்த முறை அவரை யாரும் அழைக்கவில்லை. உலைக்குப் போகும் முன் வெஸலுக்குள் தாங்கு சட்டங்கள் கட்டுவதற்கு ஒன்றரை நாள் ஆகும் என்பது அவர் சொல்லித்தான் பின்னால் சேர்ந்தது.

புதிதாகச் சேரும் பட்டதாரிகளுக்கு இப்போது முதல் ஆறு மாதம் ஷாப்தான், அதற்குப் பிறகே கோப்பு. அந்த முதல் பட்டதாரியும் உலையடியிலும் ஹைட்ரோ டெஸ்ட் பம்ப் பக்கத்திலும் நின்று பழகிவிட்டு, இப்போது விலைப்புள்ளிகளுக்கான வரைபடங்களை அவரே போடுகிறார். தயாரிப்புப் பொறியாளர் சரிபார்க்கிறார். போன மாதம் சரிபார்த்ததில் ஒரே ஒரு இணைப்பு தவறாக இருந்தது, பெயின்டிங்குக்கு முன் பிளாஸ்டிங் (துகள் வீசிச் சுத்தம் செய்வது) நாள் விட்டுப்போயிருந்தது.

பிரைமவேரா உரிமம் வாங்கலாமா என்ற பேச்சு நடந்து ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. வாடிக்கையாளர் யாராவது கட்டாயம் என்று கேட்டால் பார்க்கலாம் என்பது முதலாளியின் முடிவு, எனக்கும் அது சரியாகவே படுகிறது.